தெரிவு செய்த தமிழ் மறுநாள் எங்கே போகிறது?



சென்ற மாத உரை கடவுச்சொற்களைப் பற்றியது. அதில் போகிறபோக்கில் ஒரு வரி சொல்லியிருந்தேன். இணையத்தளங்களில் நாங்கள் செய்கிற தெரிவுகளில் சில எங்கள் கணனியிலேயே கிடக்கின்றன, சில எங்கோ தூரத்தில் உள்ள வழங்கியில் பதிவாகின்றன என்று. கடவுச்சொல்லை விட அந்த ஒரு வரியைப் பற்றித்தான் கூடுதலான கேள்விகள் வந்திருக்கின்றன. ஷார்ஜாவிலிருந்து ஒரு தாயார் கேட்கிறார்: "தளத்தில் தமிழ் என்று தெரிவு செய்கிறேன். கொஞ்ச நாள் கழித்துப் போனால் ஆங்கிலம் நிற்கிறது. சில தளங்களில் அரபு. நான் செய்தது எங்கே போனது?" இன்னொருவர், மகன் வீட்டுக் கணனியில் எழுத்தைப் பெரிதாக்கித் தந்ததாகவும், அதே தளம் கைத்தொலைபேசியில் பழையபடி பொடி எழுத்தில் வருவதாகவும் சொல்கிறார். மூன்றாமவர், பக்கம் திறக்கும்போது ஒரு கணம் ஆங்கிலம் தெரிந்துவிட்டுப் பிறகு தமிழாக மாறுகிறதே, இது வைரஸா என்று கேட்கிறார்.

வைரஸ் இல்லை. மூன்று கேள்விக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது: நாங்கள் சேமித்த தெரிவு எங்கே இருக்கிறது, அது உலாவிக்குள் ஓடும் நிரலிடம் எப்படி வந்து சேர்கிறது என்பதில். நான் வர்த்தகம் படித்தவன், கணக்கெழுதிப் பிழைப்பவன். ஆனாலும் இந்த விஷயம் கணக்குப் பதிவுக்கு மிகவும் கிட்டிய சொந்தம் என்பதால் துணிந்து விளக்கப் பார்க்கிறேன்.

முதலில் மூன்று சொற்கள். வழங்கி என்பது சேர்வர். தளத்தின் பக்கங்களை ஆக்கி அனுப்புகிற கணனி. உலாவி என்பது பிரவுசர். அந்தப் பக்கத்தை வாங்கி உங்கள் திரையில் காட்டுவது. பக்கத்தோடு சேர்ந்து வந்து உலாவிக்குள் ஓடுகிற சிறு கட்டளைத் தொகுதிதான் நிரல், ஸ்கிரிப்ட் என்பார்கள். நீங்கள் அழுத்தினால் விரியும் பட்டியல், தட்டினால் தமிழாகும் விசைப்பலகை எல்லாம் அதன் வேலை. இதில் கவனிக்க வேண்டியது, வழங்கி பக்கத்தை அனுப்பி முடித்ததும் அதன் வேலை முடிந்தது. நிரல் அதற்குப் பிறகுதான் வேலையைத் தொடங்குகிறது. இரண்டும் ஒன்றையொன்று காண்பதில்லை. வழங்கிக்குத் தெரிந்தது எதுவும் நிரலுக்குத் தானாகத் தெரியவராது.

எங்கள் அல் கூஸ் கைத்தொழில் பகுதியில் வேலை செய்கிறவர்களுக்கு இது உடனே விளங்கும். பேரேடு தலைமைக் கந்தோரில் இருக்கிறது. கிடங்கில் சாமான் எடுத்துக் கொடுப்பவர் வேறு ஆள். இன்ன வாடிக்கையாளருக்குக் கடன் நிறுத்தியாயிற்று என்று பேரேட்டில் சிவப்பு மையால் எழுதிவைத்தாலும், துண்டு எழுதிக் கிடங்குக்கு அனுப்பாவிட்டால் அவர் சாமானை ஏற்றிவிடுவார்.

இதற்கு மேல் இன்னொரு சிக்கல். உலாவிக்கும் வழங்கிக்கும் இடையிலான உரையாடலுக்குப் பிறவியிலேயே ஞாபகசக்தி கிடையாது. ஒவ்வொரு பக்கமும் முன்பின் தெரியாத ஆளிடம் கேட்பதுபோலத்தான் கேட்கப்படுகிறது. இதைச் சமாளிக்க 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்ருலி என்பவர் குக்கி என்ற சிறு சீட்டை உண்டாக்கினார். வழங்கி ஒரு சீட்டைக் கொடுக்கும். உலாவி அதை வைத்திருந்து அடுத்த முறை போகும்போது காட்டும். அடுத்த ஆண்டே, 1995இல், அதே நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் ஜாவாஸ்கிரிப்ட் மொழியை எழுதினார். இன்றைக்கும் உலாவி நிரல்களின் மொழி அதுதான்.

ஆகவே ஒரு தளம் உங்கள் தெரிவை இரண்டு இடங்களில் வைக்கலாம். ஒன்று, உலாவிக்குள்ளேயே: குக்கியாக, அல்லது உலாவியின் உள் சேமிப்புப் பெட்டியில். மற்றது, நீங்கள் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்துப் புகுபதிகை செய்தால், வழங்கியின் தரவுத்தளத்தில் உங்கள் பெயருக்கு எதிரே. முதலாவது இயந்திரத்துக்குச் சொந்தம். இரண்டாவது ஆளுக்குச் சொந்தம். இங்கே பல கிடங்குகளில் ஒரே கணனியில் பகலில் ஒருவரும் இரவில் இன்னொருவரும் இருப்பார்கள். ஒருவருக்கு மலையாளம், ஒருவருக்கு உருது, ஒருவருக்குத் தமிழ். உலாவிக்குள் சேமித்தால் கடைசியாக இருந்தவரின் விருப்பம்தான் மற்றவருக்கும். எங்களைப் போல ஊர் மாறி, நாடு மாறி, கணனியும் தொலைபேசியும் மாறி மாறி வந்த குடும்பங்களுக்கு இந்த வித்தியாசம் பெரிது. உலாவியில் வைத்தது பழைய கணனியோடு அங்கேயே நின்றுவிடும். வழங்கியில் வைத்தது நீங்கள் ரொறன்ரோவில் மகள் வீட்டில் இருந்து திறந்தாலும் வரும்.

எல்லாவற்றையும் வழங்கியில் வைப்பதுதான் நல்லது என்று நான் சொல்லமாட்டேன். மொழியும் விசைப்பலகையும் ஆளோடு போகவேண்டும். எழுத்தின் அளவு திரையோடு நிற்கவேண்டும். மேசைக் கணனிக்குச் சரியான அளவு கைத்தொலைபேசியில் ஒரு வரிக்கு மூன்று சொல்லாகிவிடும். எனவே இரண்டாவது நேயரின் முறைப்பாட்டில் தளத்தின் மேல் அவ்வளவு குற்றமில்லை. தொலைபேசியிலும் ஒருமுறை பெரிதாக்கி விடுங்கள், அந்தத் தொலைபேசிக்கு அது நிற்கும்.

இனி உண்மையான ஓர் உதாரணத்தை எடுப்போம். எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவின் முதற்பக்கம் 2003 செப்ரெம்பர் 30இல் தொடங்கியது. ஆனால் பக்கத்தைச் சுற்றியிருந்த பொத்தான்கள், பட்டியல்கள், அறிவிப்புகள் தமிழாக வேண்டுமே. அந்த ஆண்டு நவம்பரில் அதில் ஏறத்தாழ 95 வீதத்தைச் சில கிழமைகளில் தமிழாக்கி முடித்தவர் இ. மயூரநாதன், இலங்கையைச் சேர்ந்த கட்டடக்கலைஞர், அப்போது அமீரகத்தில் வசித்தவர். கனடா தமிழ் இலக்கியத் தோட்டத்தின் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருது அவருக்குக் கிடைத்தது. "புகுபதிகை", "விருப்பத்தேர்வுகள்" என்று அங்கே தமிழில் படிக்கிற ஒவ்வொரு தடவையும், அதன் அடித்தளம் இந்த அமீரகத்தில் போடப்பட்டது என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

அந்தத் தளத்தை இயக்கும் மென்பொருளின் பெயர் மீடியாவிக்கி. அதில் கணக்குத் திறந்தவருக்கு விருப்பத்தேர்வுகள் என்று ஒரு பக்கம் உண்டு. இடைமுக மொழி, திகதி எழுதும் முறை, நேர வலயம், தோற்றம் என்று பல தெரிவுகள். சேமி என்று அழுத்தியதும் வழங்கியில் ஓர் அட்டவணையில் பதிவாகும். 2010இல் வந்த பதிப்பிலிருந்து அந்த அட்டவணைக்கு மூன்றே நெடுவரிசைகள்: யார், எந்தத் தெரிவு, என்ன பெறுமதி. கணக்காளன் கண்ணுக்கு அழகான ஏடு. இன்னொரு சிக்கனமும் செய்திருக்கிறார்கள். எல்லோருக்கும் பொதுவான இயல்புநிலை எதுவோ அதைப் பதிவதில்லை. அதிலிருந்து நீங்கள் மாற்றியதை மட்டும் பதிகிறார்கள். ஒன்றையும் மாற்றாதவருக்கு ஏட்டில் ஒரு வரியும் இல்லை.

இப்போது நிரலுக்கு இதை எப்படிச் சொல்வது? புகுபதிகை செய்தவர் ஒரு பக்கத்தைக் கேட்டதும், வழங்கி அவருடைய வரிகளை வாசித்து, பக்கத்தின் உள்ளேயே, நிரல் வாசிக்கக்கூடிய வடிவத்தில் ஒரு சிறு பொதியாக எழுதி அனுப்புகிறது. பக்கம் உலாவியில் இறங்கும்போதே பொதியும் இறங்கிவிடுகிறது. நிரல் விழித்ததும் பொதியைத் திறந்து, "இவருக்கு மொழி தமிழ், நேரம் துபாய்" என்று அறிந்துகொள்கிறது. வேறெங்கும் போய்க் கேட்கத் தேவையில்லை.

இதன் பயனை நன்றாகக் காட்டுவது விசைப்பலகைதான். அங்கே தமிழில் தட்டெழுதப் பல முறைகள் உண்டு. தமிழ்99, ஒலிபெயர்ப்பு, அவற்றோடு பாமினியும். எங்கள் ஆட்களுக்குப் பாமினியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மரண அறிவித்தல் முதல் கோயில் திருவிழாத் துண்டுப்பிரசுரம் வரை அதில்தான் அடித்தோம். யுனிகோட் வந்து அந்த எழுத்துருவுக்கு வேலை குறைந்தாலும் விரல்கள் அதை மறக்கவில்லை. பாமினி என்று தெரிவு செய்த தாயாருக்கு எந்தக் கணனியில் உட்கார்ந்தாலும் பாமினி வரவேண்டும், பக்கத்தில் இருக்கும் பேரனுக்கு ஒலிபெயர்ப்பு வரவேண்டும். புகுபதிகை செய்தவருக்கு அந்தத் தெரிவு வழங்கியில் பதிவாகிறது. செய்யாதவருக்கு உலாவியின் பெட்டிக்குள் கிடக்கிறது. தாயார் தனக்கென்று ஒரு கணக்குத் திறக்காதவரை, பேரன் மாற்றியதுதான் அவருக்கும்.

நேர வலயத்தை எப்படிச் சேமிக்கிறார்கள் என்பதையும் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். துபாய் என்று தெரிவு செய்தால் மூன்று விஷயம் ஒரே வரியில் பதிவாகிறது: இது வலயப் பெயர் வகை என்ற குறிப்பு, 240 என்ற எண், "ஆசியா, துபாய்" என்ற பெயர். 240 என்பது உலகப் பொது நேரத்திலிருந்து எத்தனை நிமிடம் முன்னே என்பது. கொழும்பு என்றால் 330. எண் இருக்கும்போது பெயர் எதற்கு என்று கேட்பீர்கள். இலங்கையில் 1996 மே மாதம் மின்சாரத் தட்டுப்பாட்டினால் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். அதே ஆண்டு ஒக்ரோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுத்தார்கள். 2006 ஏப்ரலில் பழையபடி ஐந்தரை மணித்தியாலத்துக்கே வந்தார்கள். வன்னியில் அந்தப் பத்து ஆண்டும் பழைய நேரமே ஓடியது. ஓமந்தையைக் கடந்தால் மணிக்கூட்டைத் திருத்தவேண்டியிருந்ததை அனுபவித்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். 2005இல் ஒருவர் தன் தெரிவை வெறும் 360 என்று சேமித்திருந்தால், அடுத்த ஏப்ரலிலிருந்து அவருக்கு ஒவ்வொரு நேரமும் அரை மணித்தியாலம் பிழையாகத் தெரிந்திருக்கும். ஊரின் பெயரைச் சேமித்தால், நேரப் பட்டியலை வழங்கியில் ஒருமுறை திருத்தினால் போதும். மாறக்கூடிய எண்ணைச் சேமிக்காமல் அந்த எண்ணுக்குக் காரணமானதைச் சேமிப்பது கணக்கிலும் நல்ல பழக்கம். மாற்றுவீதத்தை மட்டும் எழுதிவைத்துத் திகதியை எழுதாமல் விட்டவர்களின் ஏடுகளைத் திருத்தியவர்களுக்கு இது தெரியும்.

இனி, ஆங்கிலம் பளிச்சிட்டுத் தமிழாகும் கதை. சில தளங்கள் எல்லோருக்கும் ஒரே ஆங்கிலப் பக்கத்தை அனுப்பிவிடுகின்றன. பக்கம் திரையில் வந்தபிறகு நிரல் விழித்து, "இவருடைய விருப்பம் என்ன?" என்று வழங்கிக்கு இன்னொரு கேள்வி அனுப்புகிறது. விடை வந்ததும் ஆங்கிலச் சொற்களைத் தமிழாக மாற்றுகிறது. கேள்வி போய் விடை வரும் நேரம்தான் நீங்கள் காணும் அந்த ஆங்கிலக் கணம். நல்ல இணைப்பில் கண் இமைக்கும் நேரம். ஊரில் கைத்தொலைபேசி இணைப்பில் இரண்டு மூன்று வினாடிகூட ஆகலாம். அந்தக் கேள்வி வழியில் தொலைந்தால் பக்கம் ஆங்கிலத்திலேயே நின்றுவிடும்.

என் அபிப்பிராயம் இது. வழங்கிக்குத் தெரிந்த தெரிவை வழங்கியே நிறைவேற்றி அனுப்பவேண்டும். தமிழ் கேட்டவருக்குப் பக்கத்தைத் தமிழிலேயே ஆக்கி அனுப்பு. நிரலிடம் விட்டு மாற்றச் சொல்லாதே. விசைப்பலகை போல நிரல் மட்டுமே செய்யக்கூடிய வேலைக்கு வேண்டியதை மட்டும் பொதியில் வை. பொதி சிறிதாக இருக்கும், பக்கமும் ஆடாது.

அப்படியென்றால் எல்லாத் தளமும் ஏன் அப்படிச் செய்வதில்லை? செலவு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பக்கம் ஆக்குவது பாரமான வேலை. விக்கிப்பீடியாவை வாசிப்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் புகுபதிகை செய்யாதவர்கள். அவர்களுக்காக ஒருமுறை ஆக்கிய பக்கத்தைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, கேட்பவர் எல்லோருக்கும் அதே பிரதியை நீட்டுகிறார்கள். பாண் கடையில் விடியவே சுட்டு அடுக்கி வைப்பதைப் போல. அந்தப் பொதுப் பிரதியில் ஒருவரின் சொந்தத் தெரிவை எழுதிவிட்டால் அடுத்தவருக்கும் அதுதான் போகும். இதனால்தான் ஆங்கில விக்கிப்பீடியாவில் புகுபதிகை செய்யாமல் இடைமுகத்தைத் தமிழாக மாற்றி நிரந்தரமாக வைத்திருக்க முடியாது. கணக்கு உள்ளவருக்கு மட்டும் தனிப் பக்கம்.

ஆனாலும் புகுபதிகை செய்யாதவருக்கும் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 2024இல் விக்கிப்பீடியாவுக்கு இருள் தோற்றம் வந்தது. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து. அதைத் தெரிவு செய்தவருக்குப் பக்கம் முதலில் வெள்ளையாக வந்து பிறகு கறுத்தால் இரவில் கண் கூசும். எனவே தெரிவை ஒரு குக்கியில் எழுதிவிட்டு, பக்கத்தின் மிக மேலே, உடல் வரையப்படுமுன்பே ஓடுகிற சில வரி நிரலை வைத்தார்கள். அது குக்கியைப் பார்த்து, பக்கத்தின் தலையில் "இருள்" என்று ஓர் அடையாளத்தை ஒட்டிவிடும். உலாவி வரையத் தொடங்கும்போது அடையாளம் தயார். பொதுப் பிரதியும் கெடவில்லை, கண்ணும் கூசவில்லை. புகுபதிகை செய்தவருக்கு அந்த அடையாளத்தை வழங்கியே ஒட்டி அனுப்புகிறது.

சேமித்த தெரிவு நேரத்துக்கு வந்தாலும் சரியான வடிவத்தில் வராவிட்டால் பிழைதான். எக்செல் பாவிப்பவர்கள் இதைக் கண்டிருப்பீர்கள்: பார்வைக்கு எண் மாதிரி இருக்கும், கூட்டினால் கூட்டுத்தொகையில் சேராது. அது எண்ணாக இல்லாமல் எழுத்தாகக் கிடக்கிறது. தெரிவுகளும் பெரும்பாலும் தரவுத்தளத்தில் எழுத்தாகவே கிடக்கின்றன. "வேண்டாம்" என்பதற்கு 0 என்று சேமிக்கிறார்கள் என்று வையுங்கள். வழங்கியில் ஓடும் பிஎச்பி மொழி, எழுத்தாகக் கிடக்கும் 0வையும் "இல்லை" என்றே எடுத்துக்கொள்ளும். உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் அப்படி இல்லை. அதற்கு வெறுமையாக இல்லாத எந்த எழுத்தும் "ஆம்". ஆக, வழங்கி "வேண்டாம்" என்று அனுப்பியதை நிரல் "வேண்டும்" என்று வாசிக்கிறது. எங்கள் சங்கத் தளங்கள் பலவற்றை இயக்கும் வேர்ட்பிரஸ் மென்பொருளில், நிரலுக்குத் தரவு அனுப்பப் பலகாலமாகப் பாவிக்கும் ஒரு கருவி, மேலடுக்கில் உள்ள எண்களை எல்லாம் எழுத்தாக்கியே அனுப்புகிறது. ஆதியில் அது மொழிபெயர்த்த சொற்களை அனுப்ப உண்டாக்கப்பட்டது. எண்ணுக்கு அது பொறுப்பில்லை.

மறுபக்கமும் பொறி உண்டு. கிழமையின் முதல் நாள் எது என்ற தெரிவை எடுங்கள். இங்கே இது வெறும் அலங்காரமில்லை: 2022 ஜனவரியில் அமீரக அரசு வார விடுமுறையை வெள்ளி, சனியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாற்றியபோது எத்தனையோ நாட்காட்டிகளைத் திருத்தவேண்டி வந்தது. ஜாவாஸ்கிரிப்டில் ஞாயிறுக்கு இலக்கம் 0, சனிக்கு 6. ஒருவர் ஞாயிறு என்று சேமித்தார், அது ஒழுங்காக எண்ணாகவே வந்தது என்று வைப்போம். "தெரிவு ஏதும் இருந்தால் அதை எடு, இல்லையென்றால் திங்கள்" என்று அவசரமாக எழுதிய நிரல், 0 என்ற எண்ணைக் கண்டதும் தெரிவே இல்லை என்று முடிவு செய்து திங்களைப் போடும். மற்ற ஆறு நாளுக்கும் சரியாக ஓடும், ஞாயிறுக்கு மட்டும் ஓடாது. மீதி பூச்சியம் என்பதும் பதிவே இல்லை என்பதும் ஒன்றா? முதலாம் ஆண்டு மாணவனிடம் கேட்டாலும் இல்லை என்பான்.

அடுத்தது கொஞ்சம் ஆபத்தான பகுதி. சேமிக்கும் தெரிவுகளில் சில, பாவனையாளர் தானாகத் தட்டி எழுதுவது. காட்டும் பெயர், வரவேற்பு வாசகம் போன்றவை. அதை அப்படியே மேற்கோள்குறிக்குள் வைத்து நிரலுக்குள் எழுதிவிட்டால், அவர் பெயருக்குள் ஒரு மேற்கோள்குறி போட்டாலே நிரல் அந்த இடத்தில் உடைந்துபோகும். அதைவிட மோசம், நிரலை மூடும் குறியையே பெயருக்குள் எழுதினால், உலாவி அங்கே நிரல் முடிந்தது என்று நம்பி, மீதியைப் புதிய கட்டளையாக எடுத்துக்கொள்ளும். பிறர் எழுதிய கட்டளை உங்கள் உலாவியில், உங்கள் பெயரில் ஓடும். 2005 ஒக்ரோபரில் மைஸ்பேஸ் தளத்தில் சமி கம்கர் என்ற இளைஞர் இந்த வகையான ஓட்டையால்தான் தன் சுயவிபரப் பக்கத்துக்குள் ஒரு நிரலை நுழைத்தார். பார்த்தவர் ஒவ்வொருவரின் பக்கத்திலும் அது தன்னைப் பிரதி செய்துகொண்டது. இருபது மணித்தியாலத்துக்குள் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பக்கங்கள். அவர் செய்தது விளையாட்டு. வேறொருவர் என்றால் என்ன செய்திருப்பார் என்று யோசியுங்கள்.

பரிகாரம் பழையதும் எளியதும். கையால் மேற்கோள்குறி போடாமல், ஜேசன் என்ற பொது வடிவத்துக்கு மாற்றித் தருகிற தயார்க் கருவியிடம் விடவேண்டும். அது மேற்கோள்குறி போன்ற ஆபத்தான குறிகளைக் கட்டிப்போட்டு அனுப்பும். பிஎச்பி மொழியின் கருவி இயல்பாகவே தமிழ் எழுத்துகளையும் குறியீடாக்கிவிடும். "தமிழ்" என்பது எங்களுக்கு மூன்றெழுத்து. கணனிக்கு ஐந்து குறிகள். யுனிகோட்டின் வழமையான வடிவில் 15 பைட்டுகள். இந்தக் குறியீட்டில் ஒவ்வொன்றும் ஒரு சாய்கோடு, ஒரு யு எழுத்து, நான்கு இலக்கக் குறி என்று ஆறாகி, 30 பைட்டுகள். நிரல் வாசிக்கும்போது அது மறுபடி தமிழாகிவிடும், பயமில்லை. ஆனால் வழியில் யாராவது அந்தச் சாய்கோடுகளைக் கழற்றிவிட்டால் போச்சு. வேர்ட்பிரஸில் பாவனையாளரின் தெரிவைச் சேமிக்கும் கட்டளை சாய்கோடுகளை உரித்துவிடும் வழக்கம் உள்ளது. அது தெரியாமல் ஜேசனை அப்படியே சேமித்தால், தமிழ்ப் பெயர் இருந்த இடத்தில் யு எழுத்தும் எண்களும் கலந்த ஒரு நீண்ட வரி வந்து நிற்கும். ஆங்கிலப் பெயர் வைத்தவர்களுக்கு ஒன்றும் நேராது. எனவே ஆங்கிலத்தில் மட்டும் சோதித்த பிள்ளைகள் தளம் சரி என்றே சொல்லுவார்கள். தமிழில், அதுவும் மேற்கோள்குறியோடு, ஒருமுறை சோதியுங்கள்.

ஊர்ச்சங்கம், பழைய மாணவர் சங்கம், கோயில் என்று தளம் செய்து கொடுக்கும் எங்கள் இளைஞர்களிடம் இன்னொன்றும் கேட்கிறேன். நிரலுக்கு அனுப்பும் பொதியில் இருப்பது எல்லாம் திறந்த கடிதம். பக்கத்தின் மூலத்தைப் பார் என்று அழுத்தினால் யாரும் வாசிக்கலாம். உலாவியில் பொருத்தியிருக்கும் நீட்சிகளும் வாசிக்கலாம். அங்கத்தவரின் மொழி வேண்டும் என்பதற்காக அவருடைய முழுப் பதிவையும் அள்ளிப் பொதியில் போடுவது எழுதுகிறவருக்குச் சுலபம். அந்தப் பதிவில் தொலைபேசி இலக்கம் இருக்கும், முகவரி இருக்கும், சில சங்கங்களில் குடிவரவு விண்ணப்ப இலக்கமும் இருக்கும். கந்தோரில் பொதுக் கணனியில் ஒருவர் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுத் தேநீருக்குப் போனால் என்ன ஆகும்? முகவரி தெரியக்கூடாது என்பதற்காகப் பெயரையே சுருக்கி எழுதுகிற குடும்பங்கள் எங்களுக்குள் இன்னும் இருக்கின்றன. மொழி வேண்டுமென்றால் மொழியை மட்டும் அனுப்புங்கள்.

கடைசியாக ஷார்ஜாத் தாயாரின் கேள்வி. அரபு வருவதற்குக் காரணம், தெரிவு எதையும் காணாத தளம் உங்கள் இணைப்பு எந்த நாட்டிலிருந்து வருகிறது என்று பார்த்து ஊகிப்பது. தெரிவு காணாமல் போவதற்குக் காரணங்கள் பல: வரலாற்றை அழித்தால் அதோடு போகும், தனிப்பட்ட சாளரத்தில் திறந்தால் மூடும்போதே போகும். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு மேலும் ஒன்று. அப்பிள் நிறுவனத்தின் சபாரி உலாவி, பின்தொடரும் விளம்பரக்காரர்களைத் தடுக்க, 2020 மார்ச்சிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறது: ஏழு நாள் சபாரியைப் பாவித்தும் ஒரு தளத்தின் பக்கம் நீங்கள் போகாவிட்டால், அந்தத் தளத்தின் நிரல் உலாவிக்குள் எழுதிவைத்தவற்றை அழித்துவிடும். தினமும் போகும் தளத்துக்குப் பாதிப்பில்லை. மாதம் ஒருமுறை போகும் தளத்தில் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து. வழங்கி நேரடியாகக் கொடுத்த குக்கிக்கு இந்த ஏழு நாள் கணக்கு இல்லை. வழங்கியின் ஏட்டில் பதிந்ததற்கு அறவே இல்லை.

எனவே, தாயே, அந்தத் தளத்தில் கணக்குத் திறக்க வசதி இருந்தால் திறந்து, புகுபதிகை செய்தபின் தமிழைத் தெரிவு செய்து, கீழே சேமி என்ற பொத்தான் இருந்தால் அதையும் அழுத்துங்கள். பட்டியலில் மாற்றினால் மட்டும் போதாத தளங்கள் உண்டு. அந்தப் பக்கத்துக்கு மட்டும் மாற்றிவிட்டு, வழங்கிக்கு ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடும். பிறகு வேறொரு தொலைபேசியில், மகளுடையதில் என்றாலும் சரி, உங்கள் பெயரில் புகுந்து பாருங்கள். அங்கேயும் தமிழ் வந்தால் பதிந்துவிட்டது. பார்த்து முடிந்ததும் மகளின் தொலைபேசியில் விடுபதிகை செய்ய மறக்கவேண்டாம்.